கயிற்றின் மறுமுனை

ஆர்டித் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மாமனார் வாயால் சொன்னதை நம்பி அவர் நிலத்தில் வீடு கட்டியிருக்கிறாள். துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை.

"எப்படிம்மா கேக்கறது? உங்கமேல நம்பிக்கை இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரில்ல ஆயிடும்" என்றாள்.

எங்கள் அனாபொலிஸ் பள்ளத்தாக்கில் எல்லோரும் இப்படித்தான். மாட்டை விற்றால் எழுதி வாங்குவார்கள். சொந்தத்துக்குள் நிலமென்றால் வாய்வார்த்தையே போதும். அப்புறம் சிக்கலை வக்கீலான என் தலையில் கொண்டுவந்து கட்டுவார்கள்.

புருஷன் இறந்ததும் ஆர்டித் தொலைவிலுள்ள மாங்க்டன் நகரில் கிடைத்த ஆசிரியை வேலைக்குக் கிளம்பினாளாம். மாமனார் வெர்னன்தான் நிறுத்தினார். "போகாதே பொண்ணே, கீழ்ச்சரிவு நிலம் உனக்குத்தான்" என்றாராம். வேலையை விட்டாள், வீடு கட்டினாள், சரிவு முழுக்க ஆப்பிள் நட்டாள். இப்போது வெர்னனுக்கு ஞாபகம் மங்கி வருகிறது. அவர் சார்பில் எல்லாம் பார்த்துக்கொள்ளும் மூத்த மகன் கார்னெட் நிலத்தைத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு விற்கப் பார்க்கிறான். ஆர்டித் வெளியேற வேண்டுமாம்.

இதற்குச் சட்டத்தில் முரண்தடை என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் வாக்கை நம்பி இன்னொருவர் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டபின், வாக்குக் கொடுத்தவர் பேச்சை மாற்ற விடாது. ஆனால் வாக்குக் கொடுத்ததை நிரூபிக்க வேண்டுமே.

வழக்குக்கு முன் பேசிப் பார்க்கலாமென்று ஒரு சனிக்கிழமை வெர்னன் வீட்டுச் சமையலறையில் கூடினோம்; கார்னெட்டும் தன் வக்கீலோடு வந்திருந்தான். ஆர்டித் வழக்கம்போல் அவருக்குப் பீன்ஸ் சமைத்து வைத்திருந்தாள். இவளைத் துரத்தத்தான் வழக்கு!

"அப்பா, நிலம் அவளுக்குன்னு சொன்னீங்களா?" என்றான் கார்னெட்.

வெர்னன் யோசித்துப் பார்த்தார். "ஞாபகம் இல்லடா."

கார்னெட் என்னைப் பார்த்தான். எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான். ஆர்டித் வாதாடவில்லை. "பரவால்ல மாமா, ஆறிப்போவுது, சாப்பிடுங்க" என்றாள்.

அவர் சாப்பிடவில்லை. எழுந்து ஜன்னலருகே போனார். சரிவில் மரங்கள் பூத்திருந்தன.

"அதெல்லாம் யாரு நட்டது?"

"நான்தான் மாமா."

"அப்ப நான் எங்க போயிருந்தேன்?"

"நீங்க எங்க போனீங்க? மரம் நட வரிசை பிடிக்கற கயித்தோட அந்த முனையில நின்னீங்க. கோணலா போவுதுன்னு நாள் முழுக்கத் திட்டுனீங்க."

"திட்டியிருப்பேன்" என்றார். தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"சொன்னது ஞாபகம் இல்ல கார்னெட். ஆனா சொல்லியிருப்பேன். ஆப்பிள் மரம் காய்க்க எத்தனை வருஷம் ஆவும்னு எனக்குத் தெரியாதா? துரத்தப்போற பொண்ணை மரம் நடவிட்டு, கூடவே கயிறு பிடிச்சுட்டு நிப்பேனா? நான் அப்படிப்பட்ட ஆளாடா?"

கடைசிக் கேள்வியை அவர் நிஜமாகவே கேட்டார். தன்னைப் பற்றி அவருக்கே தெரியவில்லை. மகனுக்குத் தெரியுமென்று நம்பினார்.

கார்னெட்டின் வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார்னெட் கையமர்த்தினான். எழுந்து போய் அப்பாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

"இல்லப்பா. நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல."