ஓரத்து முகம்

ஸ்டுடியோக்காரருக்கு முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கிய பிறகுதான் அவர் மனைவியின் கைக்குக் கேமரா வந்தது. அதுவரை அவர் எடுத்த கல்யாணங்களில் எல்லாம் பின்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள். எந்த மண்டபத்துக்குப் போனாலும் 'லைட்டக்கா' என்றுதான் பெயர். இத்தனை காலம் விளக்குப் பிடித்தவளுக்கு வெளிச்சம் தெரியாமல் போகுமா என்ன? கேமரா வந்ததோ இல்லையோ, பின்னி எடுத்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபோகஸ் புள்ளியையும் வெளிச்சம் அளக்கும் புள்ளியையும் மெனுவுக்குள் போய் ஒன்றாக இணைத்துவிடுவாள். படத்தின் எந்த மூலையில் முகம் இருந்தாலும் சரி, புள்ளியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தால் போதும். அளவும் கூடவே அங்கே போய்விடும்.

அவர் வழி வேறு. அவருக்கு அளவு என்றால் நட்டநடுவில்தான். முகத்தை நடுவில் வைத்து அளந்து, அந்த அளவைப் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பி எடுப்பார். நல்ல வழிதான், எதிரே நிற்கிறவர் அதுவரைக்கும் அசையாமல் நின்றால்.

"மெஷின் சொல்றபடி ஆடுறதுக்குப் பேரு படம் எடுக்கறதா?" என்பார்.

"படம் நல்லா வருதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்பாள்.

நன்றாகத்தான் வந்தது. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். கடையில் நல்ல கேமரா ஒன்றுதான். அவர் கைக்குப் போனால் இணைப்பை வெட்டிவிடுவார். அவள் கைக்கு வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வாள். மாற்றியதைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை கிடையாது, குடும்பச் சண்டை முழுக்க மெனுவுக்குள்ளேயே நடந்தது.

இந்த நிலைமையில்தான் அந்தக் கல்யாணம் வந்தது. மணப்பெண் "லைட்டக்காதான் எடுக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"இது மட்டும் நல்லா வந்துட்டா, இனிமே கல்யாண வேலை முழுக்க உன்னோடது. நான் கடையில உட்கார்ந்துக்கறேன்."

அவள் நம்பினாள். கட்டின புருஷன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? இனி விளக்குக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு யார் பின்னாலும் நடக்க வேண்டாம் என்பதை நினைக்க நினைக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வரவேற்பு மேடைக்குப் பின்னால் அகலமான கருப்புத் திரை. மேலிருந்து பளிச்சென்று விளக்கு. அவர் முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மடியில் அதே கம்பெனியின் பழைய மாடல் கேமரா. சும்மா கை அரிப்புக்காம். பாதியில் அவளைக் கூப்பிட்டார்.

"பேட்டரி தீர்ந்துடும், கொண்டா. மாத்தித் தர்றேன்."

மாற்றிக் கொடுத்தார். கால் வலியோடும் மனுஷன் நம்மைக் கவனிக்கிறாரே என்று அவளுக்கு அவர்மேல் பாசம்கூட வந்தது.

கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டினாளோ இல்லையோ, மேடையின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த பெண்ணின் அப்பா, கைப்பிடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் நின்று யாரும் பார்த்ததில்லை. மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். லைட்டக்கா சட்டென்று புள்ளியை ஓரத்து முகத்துக்கு நகர்த்தி மளமளவென்று அழுத்தினாள். அதற்குள் பெரியவர் கால் தளர்ந்து மறுபடி நாற்காலியில் சரிந்துவிட்டார். மண்டபமே அழுதது. அவளும் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவின் திரையில் படத்தைப் பார்த்தாள். பெரியவர் போட்டிருந்த கோட்டுக்கும் பின்னால் இருந்த திரைக்கும் குறையில்லை, அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கேமரா நடுவில் இருந்த கருப்புத் திரையை அளந்து, எல்லாமே இருட்டு என்று நினைத்து, வெளிச்சத்தை வாரி இறைத்திருந்தது. இருண்ட படத்தையாவது கொஞ்சம் தேற்றலாம். வெளுத்த முகத்துக்குள் தேடி எடுக்க ஒன்றுமே இருக்காது.

மெனுவைத் திறந்தாள். இணைப்பு இல்லை. நாம்தான் மறந்து தொலைத்தோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் ஒன்றுமே கேட்கவில்லை, அதுவும் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பைத்தியக்காரி.

சில நாள் கழித்து மணப்பெண்ணின் அண்ணன் கடைக்கு வந்தான். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர், "இவ எடுத்தது வெளுத்துப் போச்சு தம்பி, இது நான் எடுத்தது" என்று ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்பா நிற்கிறார். உதட்டின் நடுக்கம்கூடத் தெரிகிறது. அண்ணன் பொலபொலவென்று அழுதுவிட்டான்.

"நல்லவேளை சார், அப்பா எழுந்து நிக்கப் போறார்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சேன்."

அவளிடம் யாரும் சொல்லவில்லை. படத்தை இழுத்துப் பார்த்தாள். முகம் ஓரத்தில், நடுவில் கருப்புத் திரை. நடுவில் அளந்து பூட்டித் திருப்பியிருந்தால் அதற்குள் பெரியவர் உட்கார்ந்தே போயிருப்பார்.

"எப்படி சார் இவ்வளவு சரியா?"

"புள்ளியை முகத்துல வச்சா அளவும் அங்கேயே போயிடும் தம்பி. எல்லாம் பழக்கம்தான்."

அண்ணன் அவளைப் பார்த்து, மனசு நோகாமல் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "கவலைப்படாதீங்கக்கா. சார்கிட்டயே கத்துக்கலாமே" என்றான்.

"கத்துக்கிட்டேன் தம்பி."

அவன் போன பிறகு கேட்டாள். "வேணும்னேதான் பண்ணீங்களா?"

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பொண்ணு அத்தனை பேர் முன்னாடி, சார் வேண்டாம், லைட்டக்கா போதும்னுச்சு. நீ சிரிச்ச."

"நான் சிரிச்சேனா?"

"சிரிச்ச."

சிரித்தாளா என்று அவளுக்கு நினைவில்லை. சிரித்துத்தான் இருப்பாள். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

"சரி விடு," என்றார். குரல் இதமாகவே இருந்தது. "அடுத்த கல்யாணத்துக்கு நான் உட்கார்ந்தபடியே எடுத்துக்கறேன். நீ லைட்டைப் பிடி. உன்னை மாதிரி லைட் பிடிக்க இன்னொருத்தர் பிறந்து வரணும்."

அவர் அதை மனசாரச் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.