முதல் கேஜில் ஏறாதவன்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் எதையாவது ரிப்பேர் செய்தால், செய்தவன்தான் முதல் இறக்கத்தில் அதில் போக வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லை. அவன் ஏறாவிட்டால் வேறு யாரும் ஏறமாட்டார்கள், அவ்வளவுதான்.

தம்மபாலன் ஒர்க்‌ஷாப்பில் இரும்பு கடையும் லேத்துக்காரன். வால்டர் அதே ஷாஃப்ட்டில் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் டிரைவர். உடைத்துப் போட்ட டீசல் எஞ்சினிலிருந்து ஒரு டர்போவைக் கழற்றித் தன் பழைய காரில் மாட்டி, சோழவரம் ரேஸில் ஓட்ட வேண்டும் என்று வால்டருக்கு ஆசை. டர்போ காற்றைத் திணிக்கும். எஞ்சின் ஏற்கெனவே காற்றை நெருக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் தாங்காது. முதலில் அந்த நெருக்கலை, கம்ப்ரஷனை, குறைக்க வேண்டும்.

"ஹெட்டுக்கு அடியில கனமா ஒரு செம்புத் தட்டு வெச்சிடு தம்மா. பிஸ்டன்ல கை வெக்காதே" என்றார் வால்டர்.

"தட்டு வெக்கிறது பஞ்சர் ஒட்டுற மாதிரி சார். பிஸ்டன் தலையவே சீவி உடறேன். லேத்துக்காரன் கைல குடுத்துட்டு அப்புறம் இன்னா பயம்?"

நான்கு பிஸ்டன்களில் மூன்று சரியாக வந்தன. இரண்டாவதில் வெட்டு ஆழமாக இறங்கிவிட்டது. ஸ்பேனரால் தட்டிப் பார்த்தான். மற்றவை கனத்த சத்தம் கொடுத்தன. இது தகர டப்பா போலச் சத்தம் கொடுத்தது. வேகத்தில் சூடேறினால் ஓட்டை விழும், எண்ணெய் தீப்பிடிக்கும். பீற்றிக்கொண்ட வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை மாட்டி நட்டை இறுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கோரமண்டல் குடியிருப்பில் வால்டர் வீட்டு முன்னால் கூட்டம். வால்டரின் மனைவி லூயிசா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வால்டர் முன்கதவைத் திறந்தார்.

"வா. மொத கேஜ் உனுது."

தம்மபாலன் சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்தான். "நீங்க போய்ட்டு வாங்க சார். எனக்கு ஷிஃப்ட் இருக்குது."

"ஞாயித்துக்கெழம இன்னா ஷிஃப்ட்டு?" லூயிசா சிரித்தாள். "பயமா? அவரு மாட்டுவண்டி மாதிரிதான் ஓட்டுவாரு, ஏறு."

வால்டர் சிரிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தினார்.

"எறங்கு லூயிசா."

"ஏன்?"

"எறங்கு."

யாரும் கேட்காமலே தம்மபாலன் சொன்னான். "ரெண்டாவது பிஸ்டன் சார். மேல ரொம்பச் சீவிட்டேன்."

"எப்போ தெரிஞ்சுது?"

"லேத்துலயே."

வால்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பான். லூயிசா ஸ்கார்ஃபை அவிழ்த்தபடி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஏறி உக்காந்தத பாத்துக்கினுதான நின்ன?"

அவள் ஏறியபோது அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அடுத்த வாரம் கேஜ் கதவுக்குப் புது இரும்புப் பின் மாற்றினார்கள். காலை ஷிஃப்ட் வரிசையில் முன்னால் நின்ற ஆறுமுகம் சத்தமாகக் கேட்டான்.

"இந்தப் பின்னு யாரு கடஞ்சது?"

"நம்ம தம்மபாலன்தான்."

"அப்டியா? அவருக்கு இன்னிக்கு வேற எங்கனா ஷிஃப்ட் இருக்குதான்னு கேளு."

வரிசை சிரித்தது. தம்மபாலன் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போய்க் கேஜில் ஏறினான். இன்னும் எட்டுப் பேருக்கு இடம் இருந்தது. வழக்கப்படி ஒருவனாவது கூட ஏறி நிற்பான். இன்று யாரும் ஏறவில்லை. அவனே கதவைச் சாத்தினான். மணி அடித்தது.

வைண்டிங் எஞ்சினில் அன்று வால்டர்தான். கேஜ் எந்த உலுக்கலும் இல்லாமல், எப்போதும்போல ஒரே சீராக இறங்கியது.