குச்சி இல்லாத நாள்

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல் மரியாதையாகத்தான் பேசியது. திருமலையின் பேரில் ஒரு புகார் வந்திருக்கிறது. நோய் இருப்பதாகப் பொய் சொல்லி உதவித்தொகை வாங்குகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீடியோவும் அனுப்பியிருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை கிருஷ்ணகிரியில் மருத்துவக் குழு உட்காருகிறது, பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் வர வேண்டும்.

“என்னா வீடியோங்க?” என்று கேட்டான் திருமலை.

“நீங்க தண்ணி கேன் தூக்கிக்கிட்டு மாடி ஏறறீங்க. வந்து பாருங்க.”

“அனுப்பினது யாருங்க?”

“அத சொல்லக் கூடாதுங்க.”

போனை வைத்துவிட்டு அவன் வெகுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் அதைச் சாத்தினான்.

திருமலைக்கு மத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. முடித்ததும் ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டினான். கல்யாணமான சில வருஷத்தில் ஒரு கண் புகை மூடினாற்போல மங்கியது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். கண் தெளிந்தது, இடது கால் மரத்தது. எலும்பு டாக்டர் முதுகுத் தட்டு விலகியிருக்கிறது என்றார். கடைசியில் பெங்களூரில் ஒரு டாக்டர்தான் தலையையும் முதுகையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தண்டுவட மரப்பு நோய் என்று பெயர் சொன்னார். வயரின் மேல் இருக்கும் ரப்பர் உரிந்துபோனால் கரண்ட் எப்படித் தடுமாறுமோ அப்படி, நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகிறது என்று விளக்கினார். குணமாகாது, மாதாமாதம் ஊசி போட்டுக் கட்டுக்குள் வைக்கலாம். உஷ்ணம் ஆகாது, சூடு ஏறினால் கால் தளரும். சில நாள் எல்லோரையும்போல நடப்பீர்கள், சில நாள் கால் பேச்சைக் கேட்காது என்றார்.

கம்பெனிக்கு அந்தச் ‘சில நாள்’ புரியவில்லை. நேற்று நன்றாக நின்றவன் இன்று ஸ்டூல் கேட்டால் சூப்பர்வைசர் ஒரு மாதிரி சிரித்தார். வேலை போனது, அதோடு இ.எஸ்.ஐ. வைத்தியமும் போனது. இப்போது சரிதாவின் சம்பளத்திலும் மாதாமாதம் வரும் உதவித்தொகையிலும் குடும்பம் ஓடியது. சரிதா செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை செய்தாள்.

அந்த உதவித்தொகைக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தவன் ராஜேஷ்குமார். பழைய கம்பெனியில் பக்கத்து மெஷின்காரன். ஊசி போடும் நாளெல்லாம் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். சந்தேகம் முதலில் போய் விழுந்தது அவன்மேல்தான்.

“அவன் தம்பிக்கும் இந்த உதவித்தொகை கேட்டு அலைஞ்சான், கெடைக்கல. நமக்கு கெடைச்சிருச்சின்னு வயித்தெரிச்சல் இருக்கும்ல?” என்றான் திருமலை.

“சும்மா இருங்க. அவருதான் நம்மளுக்கு எல்லாம் செஞ்சவரு” என்றாள் சரிதா.

“செஞ்சவனுக்குத்தான நம்ம சங்கதியெல்லாம் தெரியும்?”

அதற்குப் பிறகு ராஜேஷ்குமாரின் போனை அவன் எடுக்கவில்லை.

அடுத்தது கீழ்வீட்டுச் சம்பங்கி. அவள்தான் வீட்டுக்காரி. மாடிப்படிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வாள், பூத் தொடுப்பாள். படியேறி இறங்கும் எல்லோரையும், “ஏமப்பா, எங்க போயிட்டு வர?” என்று கேட்பாள். இத்தனை நாள் அது ஒரு வார்த்தையாகத்தான் இருந்தது. இப்போது திருமலைக்கு அது விசாரணையாகத் தெரிந்தது. ஒருநாள் அவள் மடியில் போன் இருப்பதைப் பார்த்தவன் பாதிப் படியில் நின்றுவிட்டான்.

“எங்கள படம் புடிக்கறதுக்குத்தான் இங்கயே குந்தியிருக்கறியாக்கா? வாடகை வாங்கற, போதாதா? எங்க சோத்துலயும் மண்ணள்ளிப் போடணுமா?”

சம்பங்கிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபத்தில் தமிழ் போய்த் தெலுங்கு வந்தது. “நாகேமி தெலுசு? நாகேமி தெலுசு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும் என்று அவள் கேட்பதைத் தெருவே கேட்டது. அன்றிலிருந்து நாற்காலி படிக்கு எதிரே இல்லை, வீட்டுக்குள் போய்விட்டது.

சரிதா இருவருக்காகவும் வாதாடினாள். ஆனால் அவளுக்குள்ளேயும் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் கம்பெனியில் அசெம்பிளி லைன் நின்றுபோனதால் கம்பெனி பஸ் அவளை மத்தியானமே கொண்டுவந்து விட்டது. தெருமுனையிலிருந்து பார்த்தாள். மொட்டை மாடியில் திருமலை நிமிர்ந்து நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தான். அவன் ஊன்றி நடக்கும் குச்சி கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் கேட்டைத் திறந்த சத்தம் கேட்டதும் சட்டென்று குச்சியை எடுத்து ஊன்றினான். யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தான். அவள்தான் என்று தெரிந்த பிறகும் குச்சியை விடவில்லை.

“நல்லாத்தான நின்னீங்க? எதுக்கு எடுத்தீங்க?” என்று மேலே போய்க் கேட்டாள்.

“கேட்டு சத்தம் கேட்டுச்சி.”

“எங்கிட்டயுமா?”

திருமலை ஈரத்துணியைப் பிழிந்தபடியே சொன்னான். “நல்லாருக்கற நாள்ல குச்சியில்லாம நடந்தன்னு வையி, முடியாத நாள்ல எவனும் நம்ப மாட்டான். அதனால எல்லா நாளும் எடுத்துக்கறன். இப்ப எனக்கே தெரியல, எது தேவைக்கு எடுக்கறது, எது பயத்துக்கு எடுக்கறதுன்னு.”

அவள் நம்பினாள். ஆனாலும் அன்றிலிருந்து அவன் நடக்கும்போதெல்லாம் அவள் கண் அவன் காலுக்குப் போனது. இன்று இழுக்கிறதா, எவ்வளவு இழுக்கிறது, நேற்று சமையலறைக்குப் போனபோது இழுக்கவில்லையே. அவள் பார்ப்பதை அவனும் கவனித்தான்.

புதன்கிழமை விடிந்தது. திருமலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தான். இரண்டு பாதத்திலும் தரையின் குளிர்ச்சி ஏறியது. எழுந்து நின்றான். சுவரைப் பிடிக்காமல் குளியலறை வரைக்கும் போய்த் திரும்பினான். மாதக்கணக்கில் கால் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

“சரிதா, இன்னிக்கு எனக்கு நல்லாருக்குது” என்றான், துக்கச் செய்தி சொல்வதுபோல.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் காலைப் பார்த்தாள். அவள் முகமும் விழுந்துவிட்டது.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் அவன் சன்னலோரம் உட்கார்ந்தான். குந்தாரப்பள்ளியில் ஆடு ஏற்றிய வேன்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் நின்ற இடத்தில் அவன் காலை நீட்டி மடக்கிப் பார்த்தான்.

“ஒண்ணுமே தெரியலடி. சுத்தமா நல்லாருக்குது.”

“கம்முனு இருங்க, யாராவது கேக்கப்போறாங்க” என்றாள் சரிதா.

மருத்துவக் குழு உட்காரும் கட்டடத்தில் மின்விசிறி ஓடியது. சக்கர நாற்காலியிலும் பிறர் தோளிலும் வந்திருந்தவர்கள் நடுவில் திருமலை குச்சியை இரு கையாலும் பிடித்து உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த ஒரு பெரியவர் அவன் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் பெயரைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. சரிதா அவனை வெளியே கூட்டிப்போனாள்.

இருசக்கர வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நிழல் இல்லை. சித்திரை வெயில் சிமெண்டுத் தரையில் கொதித்தது.

“கொஞ்ச நேரம் இங்க நில்லுங்க” என்றாள்.

அவளைப் பார்த்தான். அவள் என்ன கேட்கிறாள் என்பது உடனே புரிந்தது.

“நடிக்கச் சொல்றியா?”

“நடிக்க வேணாம்னுதான் சொல்றன். உள்ள போயி வராத நொண்டல் நொண்டணுமா? அது நெசமாவே வரட்டும்.”

அவன் நின்றான். அவள் அவனுடைய ஸ்கேன் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றாள். வாட்ச்மேன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். முதலில் வியர்வை வந்தது. பிறகு இடது முழங்கால் இளகியது. தண்ணீரில் ஊறிய சாக்கு மாதிரி கால் கனத்தது. இது அவர்கள் எதிர்பார்த்ததுதான். கண்ணை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. முதலில் வலது கண்ணில் புகை ஏறியது, பிறகு இடது கண்ணிலும்.

“சரிதா, எங்க இருக்கற? தெரியல எனக்கு.”

அவள் ஓடிவந்து பிடித்தாள். அந்த நேரத்தில்தான் உள்ளிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

குழுவில் நரம்பு டாக்டர் ஒரு பெண், நரை விழுந்த தலை, வேகமான பேச்சு. திருமலை சரிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதைக் கதவிலிருந்து மேசை வரைக்கும் பார்த்தார். மேசையோரம் ஒரு அலுவலர் கையில் போனோடு உட்கார்ந்திருந்தார்.

“வீடியோல இவ்ளோ நல்லா ஏறறாரே மேடம். இன்னிக்கு மட்டும் இப்பிடி வராரு” என்றார்.

டாக்டர் திருமலையைப் படுக்கச் சொன்னார். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளங்காலில் சாவி ஒன்றால் குதிகாலிலிருந்து விரல் பக்கம் கோடு இழுத்தார். இடது கால் கட்டைவிரல் மேலே தூக்கிக்கொண்டது. இன்னொரு முறை இழுத்தார். இன்னொரு முறையும் தூக்கியது.

“பாருங்க சார். நம்ம கால்ல இழுத்தா வெரல் கீழ மடங்கும். இது மேல போவுது. நல்லா நடக்கற நாள்லயும் இது இப்பிடித்தான் போவும். இத நடிக்க முடியாது.” பிறகு டார்ச்சு வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார், ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கேன் தூக்குனா நோய் இல்லன்னு ஆயிடாது. ஒரு நாள் தூக்குவாரு, மறுநாள் டம்ளர் தூக்க மாட்டாரு. இந்த நோயே அப்பிடித்தான்.”

சரிதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. நன்றாக இருந்த காலோடு உள்ளே வந்திருந்தாலும் இதே விரல் இதே மாதிரி தூக்கியிருக்கும். அந்த வெயில் தேவைப்பட்டிருக்கவில்லை.

டாக்டர் திருமலையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “ஒடம்பு ஏன் இப்பிடி கொதிக்குது? வெயில்ல நின்னீங்களா?”

“கூட்டமா இருந்துச்சிங்க” என்றான் திருமலை.

டாக்டர் சரிதாவைப் பார்த்தார். “ஈரத் துண்டு போடுங்க. ஃபேனுக்குக் கீழ உக்கார வைங்க. இன்னொரு தரம் இப்பிடி நிக்க வெக்காதீங்க” என்று மட்டும் சொன்னார்.

“ஐயா, அந்த வீடியோ” என்று கேட்டான் திருமலை.

அலுவலர் போனை அவன் பக்கம் நீட்டினார். புகை மூடிய கண்ணில் அவனுக்கு ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது. சரிதா பார்த்தாள். தோளில் தண்ணி கேனோடு திருமலை படியேறி வருகிறான். மேலே வர வர முகம் பெரிதாகிறது. மூச்சு வாங்கச் சிரிக்கிறான். படத்தின் ஓரத்தில் ஒரு திரை காற்றில் ஆடுகிறது. பச்சைத் திரை, வெள்ளைப் பூ. அவளே வாங்கி, அவளே தைத்து மாட்டிய திரை.

“எங்கிருந்து எடுத்திருக்காங்க? கீழருந்தா?” என்று திருமலை அவள் பக்கம் திரும்பிக் கேட்டான்.

கீழே இருந்து என்று சொல்லிவிட்டால் போதும். சம்பங்கியோடு முடிந்துவிடும். அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. “வெளிய போயி சொல்றன்” என்றாள்.

வேப்பமர நிழலில், தலையில் ஈரத்துண்டோடு அவன் சுவரில் சாய்ந்திருந்தபோது சொன்னாள்.

“நான்தாங்க எடுத்தன். பொங்கல் முடிஞ்சி ஒரு ஞாயித்துக்கெழம. நானே தூக்கறன்னு சொல்லி நீங்க கேன் எடுத்தீங்களே, அன்னிக்கு. எனக்கு சந்தோசம் தாங்கல. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வெச்சன். எங்கம்மா, அக்கா, லைன்ல கூட வேல செய்யறவங்க, எல்லாரும் கைதட்டற படம் போட்டாங்க. புகாருன்னு சொன்னப்ப யாரோ ஒளிஞ்சி எடுத்தாங்கன்னுதான் நெனச்சன். இது என் நெனப்புலயே வரல.”

துண்டிலிருந்து தண்ணீர் காதோரம் வழிந்தது.

“யாரு யாரு பாத்தாங்க?” என்று கடைசியில் கேட்டான்.

“ஒரு நாள்ல அது போயிடும். பாத்தவங்க பேரும் போயிடும். இப்ப தெரிஞ்சிக்க முடியாது.”

“அப்ப உன் போன்ல இருக்கற யாரோதான்.”

“ஆமா.”

“கைதட்டனதுல ஒருத்தரு.”

அவள் தலை குனிந்தாள். அவன் அவளைத் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. “சம்பங்கிக்காவ என்னென்ன கேட்டுட்டன்” என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் கண் தெளிந்துவிட்டது. கால் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. உதவித்தொகை நிற்காது என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. புகார் கொடுத்தவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

திருமலையே ராஜேஷ்குமாரைக் கூப்பிட்டான். அவன் வந்து, வண்டியை அணைக்காமல் கேட்டுக்கு வெளியே நின்றான்.

“நான்தான்னு நெனச்சியா மச்சான்?”

“நெனச்சன்டா.”

ராஜேஷ்குமார் ஆக்ஸிலேட்டரைத் திருகினான். பிறகு, “ஊசிக்கு எப்ப போவணும்?” என்று கேட்டான். அந்த மாதமும் அழைத்துப் போனான், அதற்கடுத்த மாதமும். ஆனால் திரும்பக் கொண்டுவந்து விட்டதும், மேலே வந்து டீ குடிக்கும் வழக்கம் நின்றுபோனது.

சரிதா கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினாள். அக்கா போன் பேசினால், பின்னால் மாமாவின் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். அவர் ஒருமுறை, கவர்மெண்டு காசு ஒடம்பு நல்லாருக்கறவனுக்குத்தான் போகுது என்று பொதுவாகச் சொன்னது ஞாபகம் வந்தது. பொதுவாகத்தான் சொன்னாரா? கேட்க முடியவில்லை. ஊர்ப் பண்டிகைக்குப் போனபோது அவருக்கு அவள்தான் சோறு போட்டாள்.

சம்பங்கியிடம் திருமலை போய் மன்னிப்புக் கேட்டான். அவள் “போனி, போகட்டும் விடப்பா” என்று சொல்லி ஒரு கட்டுக் கீரை கொடுத்தாள். சில நாள் கழித்து நாற்காலி மறுபடி படிக்கு எதிரே வந்தது.

ஆடி பிறந்து காற்று குளிர்ந்த ஒரு காலையில் அவனுக்கு மறுபடி கால் நன்றாக வந்தது. வாசல்வரை போய், மூலையில் இருந்த குச்சியைப் பார்த்து, எடுக்காமல் படியில் இறங்கினான். சம்பங்கி பூவிலிருந்து தலை நிமிர்த்தாள். அவன் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

“ஏமப்பா, இன்னிக்கு நல்லாருக்கியா?”

அக்கறையாகக் கேட்கிறாளா, கணக்கெடுக்கிறாளா என்று அவள் குரலில் தேடினான். அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இன்னிக்கு நல்லாருக்கறன்க்கா” என்று சொல்லிவிட்டுத் தெருவில் நடந்தான்.