நான்கில் ஒன்று

சரண்யாதேவியின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த பிள்ளை, ஆனையூர் முந்தி அகாடமி நடத்திய உயிரியல் மாதிரித் தேர்வில் முதலிடம் பெற்றது. அந்தக் காலத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஒருவர் எட்டாம் வகுப்பிலிருந்து பயிற்சி கொடுத்தார், அடுத்தவர் ஆறாம் வகுப்பிலிருந்து கொடுத்தார், அதைப் பார்த்து இன்னொருவர் எல்.கே.ஜி. பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதற்கும் முந்தி என்றால் மிச்சம் இருப்பது கர்ப்பம் மட்டும்தான் என்று கண்டுபிடித்தவர் சாய்ராம். அந்தத் தேர்வைப் பலமுறை எழுதித் தேறாதவர் அவர்; ஆகவே அதைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று ஊர் நம்பியது. ஆனையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்து, பிளாஸ்டிக் நாற்காலிகளில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்து, மைக்கில் கேள்வியையும் நான்கு விடைகளையும் வாசிப்பார். பிள்ளை ஓர் உதை விட்டால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. கீழே தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் கேட்டு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கண்டபடி உதைக்கும். அந்தக் கேள்விகளை மட்டும் சாய்ராம் ரத்து செய்துவிடுவார். மற்ற கேள்விகளுக்குச் சரண்யாதேவியின் பிள்ளை பிசகாமல் உதைத்தது. டி என்று வருகிற கேள்விகளுக்கு அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

அவளுடைய கணவர் வெள்ளைத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். டாக்டர் என்ற சொல் காதில் விழுந்தாலே உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பாதி எழுந்துகொள்வார். கே.கே. நகரில் அவர்கள் தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார். நடுவில் ஸ்கேன் படம், கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகூப்பி நிற்கும் தாய்மாமன்மார் வரிசை. ஆணா பெண்ணா என்று சொல்லச் சட்டம் இடம் தராததால் ‘வருங்கால டாக்டர்’ என்று பொதுவாகப் போட்டிருந்தார்கள். ஸ்கேன் படத்தைப் புயல் எச்சரிக்கைப் படம் என்று நினைத்துக் குடையெடுத்து வந்தவர்களும் அந்தத் தெருவில் உண்டு. எதிர்வீட்டில் இருந்த ஜவுளி வியாபாரி முகம்மது கனி மட்டும் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, பிள்ள வளக்கப் போறீகளா, வினாத்தாளு வளக்கப் போறீகளா?” என்று கேட்டார். பொறாமை என்று வெள்ளைத்துரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழந்தை பிறந்ததும் அழவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தார்கள், உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார்கள், அது கண்ணைத் திறந்து எல்லாரையும் பொறுமையாகப் பார்த்ததே ஒழிய வாயைத் திறக்கவில்லை. விவரம் தெரிந்தவர் வெள்ளைத்துரை; வெளியிலிருந்து கதவிடுக்கில் வாயை வைத்து, பிறந்த குழந்தை முதலில் செய்ய வேண்டியது, ஏ தூக்கம், பி சிரிப்பு, சி அழுகை, டி மேற்கண்ட எதுவுமில்லை, என்று கத்தினார். குழந்தை “சி” என்றது. சரியான விடைதான் என்பதால் நர்ஸ் அதை அழுகைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்தார்.

பெண் குழந்தை. சாருலதா என்று பெயர் வைத்தார்கள். அவள் வளர வளர ஒரு விஷயம் உறுதியாயிற்று. நான்கு விடை கொடுத்துக் கேட்டால் அதில் ஓர் எழுத்தைச் சொல்வாள். கொடுக்காமல் கேட்டால் சொல்ல மாட்டாள். பிடிவாதமோ ஊமைத்தனமோ இல்லை. என்ன வேணும், எங்கே போன, ஏன் சிரிக்கிற என்று யார் எதைக் கேட்டாலும், அடுத்து நான்கு விடைகள் வரும் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்பாள். வராவிட்டால் பொழுது சாயும்வரைகூட நிற்பாள். வெள்ளைத்துரைக்கு இது பெருமையாக இருந்தது. இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்வது என்பது முதல் எந்தக் கவுன் போடுவது என்பது வரைக்கும் தினமும் அவரே கேள்வி தயாரித்தார். தவறான விடைகள் சரியான விடைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் மூளை கூர்மையாகும் என்பது அவர் கட்சி. ஆகவே அந்த வீட்டில் தேங்காய்ச் சட்னி, கடலைச் சட்னி, பொட்டுக்கடலைச் சட்னி என்று ஒன்றுபோல இருப்பவற்றையே சரண்யாதேவி நித்தமும் அரைத்தாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மகள் தனக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையாவது தானாக வாய் திறந்து சொல்லிக் கேட்க வேண்டும். பெற்றவளுக்கு இது பேராசையா? அந்த வீட்டில் அப்படித்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை தரையில் உருண்டு தேம்பித் தேம்பி அழுதது. “என்னத்தா செய்யுது? எங்க வலிக்குது? சொல்லித் தொலையேன்” என்று கெஞ்சினாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு விடைகளுக்காகக் காத்தது. பசி, தூக்கம், வயிற்றுவலி, கோபம் என்றாள்; பதில் இல்லை, மறுபடி அழுகை. டீச்சர் அடித்தார், தோழி கிள்ளினாள், கீழே விழுந்தாய், பென்சில் தொலைந்தது, அதற்கும் இல்லை. பல், தலை, கால், கண் என்று உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து நாலு நாலாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் காதுக்குள் ஏதோ போய்விட்டது என்று ஒன்றைச் சேர்த்தபோது பிள்ளை விழுந்தடித்து “பி, பி” என்றது. தேங்காய் எண்ணெய் விட்டதும் ஒரு கட்டெறும்பு மிதந்து வந்தது. சரண்யாதேவி பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சரியான விடை நான்கில் ஒன்றாக இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை வலியோடு அப்படியே காத்திருக்கும் என்பது அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது.

வெள்ளைத்துரைக்குப் புரியவில்லை. எறும்பின் பூச்சியியல் வகைப்பாடு பற்றி அன்றிரவு சாப்பாட்டின்போது கேள்வி போட்டார். இன்னொரு நாள், உனக்கு யாரைப் பிடிக்கும், ஏ அப்பா, பி அம்மா, சி இருவரும், டி எவருமில்லை என்று சரண்யாதேவி ஆசையாகக் கேட்டபோது, சாருலதா நெடுநேரம் யோசித்துவிட்டு விடை சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். “தப்பாச் சொன்னா ஒரு மார்க் போயிரும்ல, அதான் விட்டுட்டா. சந்தேகம் இருந்தா தொடவே மாட்டா. எம்புட்டு வெவரம் பாரு!” என்று வெள்ளைத்துரை தொடையில் தட்டிக்கொண்டார். சரண்யாதேவி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

ஊருக்கு இதெல்லாம் தெரிந்தபோது யாரும் வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. எங்கள் பிள்ளையும் இப்படி ஆக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கோச்சடையிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். முந்தி அகாடமியின் மாடியில் இடம் போதாமல் மண்டபம் முழுவதையும் சாய்ராமே எடுத்துக்கொண்டார். பிறகு புதுமணத் தம்பதியருக்கு ஒரு வகுப்பும், ஜாதகப் பொருத்தம் பார்க்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஓர் அறிமுக வகுப்பும் தொடங்கினார். சில ஆண்டுகளில் கே.கே. நகரில் பாதிப் பிள்ளைகள் நான்கு விடை கொடுத்துக் கேட்டாலொழிய வாய் திறப்பதில்லை என்றாயிற்று. தள்ளுவண்டிக் காய்காரர் கத்திரி, வெண்டை, முருங்கை, இவற்றுள் எதுவுமில்லை என்று கூவக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் உன் பேர் என்ன என்று கேட்டுவிட்டுப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துச் சொன்னார்கள். படித்தவர்கள் நிறைந்த பகுதி அல்லவா, எல்லாம் வெகு சீக்கிரம் பழகிவிட்டது.

சாருலதா தேர்வெழுதப் போன அன்று காதுத்தோட்டைக் கழற்றினார்கள், தலைப்பின்னலை அவிழ்த்துப் பார்த்தார்கள், உடம்பையெல்லாம் தடவிச் சோதித்தார்கள். அவள் பிறந்ததிலிருந்தே சோதனையில் இருந்தவள் என்பதால் முகம் சுளிக்கவில்லை. அரசு இடமே கிடைத்தது. இந்த முறை ஃப்ளெக்ஸ் தெருவை அடைத்து நின்றது. ஆம்புலன்ஸ் ஒன்று திரும்ப முடியாமல் சுற்றிக்கொண்டு போயிற்று. கல்லூரியில் பேராசிரியர்கள் முதலில் திணறினாலும், அவளோடு சேர்ந்தவர்களில் அவளைப்போல் வேறு பலரும் இருந்ததால் தாங்களே மாறிக்கொண்டார்கள். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க வந்தபோது நோயாளிகளும் மாறிக்கொண்டார்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பேருந்திலேயே தங்கள் நோவோடு இல்லாத நோவு மூன்றைச் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். அவள் ஓர் எழுத்தைச் சொல்வாள். அது ஒருநாளும் தவறியதில்லை. கைராசிக்காரி என்று பெயர் எடுத்தாள்.

போன சித்திரையில் ஒரு காலைநேரம், சாருலதா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். சட்டை நனைந்து ஒட்டியது. “என்னமோ பண்ணுதுத்தா” என்றார். டாக்டர் மகள் சாப்பிடுவதை நிறுத்தி, அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்து, காத்தாள். வெள்ளைத்துரைக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. வாழ்நாளெல்லாம் கேள்வி தயாரித்தவர் அல்லவா, அந்த வலியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரித்தார். ஏ வாயு, பி புளிச்ச ஏப்பம், சி சதைப்பிடிப்பு, டி தூக்கமின்மை. இருதயம் என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, சேர்த்தால் அதுவே விடையாகிவிடுமோ என்று பயந்தார். பெற்ற பிள்ளைக்குத் தினமும் துணிச்சலாகக் கேள்வி போட்ட மனிதரின் லட்சணம் அதுதான். சாருலதாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் விடை சொல்லவில்லை. சரியானது அதில் இல்லை.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தவள் சரண்யாதேவி. கட்டெறும்பை எண்ணெய் விட்டு எடுத்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புருசனை ஒரு பார்வை பார்த்தாள், “ஏ வாயு, பி ஏப்பம், சி ஹார்ட்டு, டி பித்தம்! சொல்லுத்தா!” என்று கத்தினாள். அவள் முடிக்கும் முன்பே சாருலதா “சி” என்று சொல்லி எழுந்துவிட்டாள். அதன்பின் அவள் செய்ததில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுத்தாள், நாடி பார்த்தாள், அப்பாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். முகம்மது கனி காரை எடுத்தார். சிக்னலில் நிற்காமல் ஓட்டிக்கொண்டே, “பெத்த அப்பனுக்கே நாலு விடை குடுக்கணுமாண்ணே?” என்று அவர் முனகினார். நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்தார்.

வார்டுக்கு மாற்றிய அன்று சரண்யாதேவி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாருலதா கால்மாட்டில் நின்றாள். “கேள்வி போடுறதுல புலியில்ல நீங்க? எம்பிள்ளைக்கு என்ன வேணும்னு ஒரே ஒரு கேள்வி போடுங்க பாப்பம்” என்று சரண்யாதேவி புருசனிடம் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. வெள்ளைத்துரை தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, “உனக்கு என்னத்தா வேணும்?” என்று மகளைக் கேட்டார். மகள் காத்தாள். அவர் “ஏ” என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மேற்படிப்பு, கார், கல்யாணம் என்று அவருக்குத் தோன்றியதெல்லாம் தனக்கு வேண்டியவை என்பது, செத்துப் பிழைத்த புண்ணியத்தால், அவருக்கே தெரிந்தது. இந்தப் பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கும், எதைத் தின்றால் இன்னும் கொஞ்சம் கேட்கும், தனியாக இருக்கும்போது என்ன நினைக்கும் என்று ஒன்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தவறான விடையாகப் போடக்கூட ஏதும் இல்லை. வெகுநேரம் கழித்து “பி” என்றார். அதுவும் வெறுமனே நின்றது. “சி” என்றார். “டி” என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாருலதா யோசிக்கவே இல்லை. “டி” என்றாள்.

சந்தேகம் இருந்தால் தொடாத பெண். சரண்யாதேவியின் கை பழைய ஞாபகத்தில் தன் வயிற்றின்மேல் போய் உட்கார்ந்தது. “டி-ன்னா என்னத்தா?” என்று வெள்ளைத்துரை கேட்டார். அது நான்கு விடை இல்லாத கேள்வி, அதற்குப் பதில் வரவில்லை. ஹார்லிக்ஸோடு பார்க்க வந்த சாய்ராமிடம் விளக்கம் கேட்டார்கள். சரியான விடைகள் பின்னர் வெளியிடப்படும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு, மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு இப்போதே சேர்ந்தால்தான் முந்த முடியும் என்றும் சொல்லிவைத்தார். அவரை யாரும் வாசல்வரை வழியனுப்பவில்லை. “அது என்னவா வேணாலும் இருந்துட்டுப் போகட்டும். எம்பிள்ளைக்கு ஒன்னு வேணும்னு இருக்குல்ல” என்று சரண்யாதேவி முகம்மது கனியின் மனைவியிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சந்தோசம்தான்.

இப்போதும் தினமும் காலையில் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சரண்யாதேவி உனக்கு என்ன வேணும் என்று கேட்கிறாள். ஏ, பி, சி, டி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் கொஞ்சம் இடம் விட்டுச் சொல்கிறாள். தெருவில் பால்காரர் ஹாரன் கேட்பதைப்போல் அக்கம்பக்கத்தில் அது பழகிவிட்டது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளைத்துரை அந்த நேரத்தில் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். சாருலதா “டி” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்து, வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறாள்.