நாற்பத்தொரு பக்க அறிக்கை

கனகரத்தினத்துக்குக் குடலிறக்கம் வந்திராவிட்டால் பூவரசந்துறைப் பட்டின சபையின் தண்ணீர்க் குழாய் இன்னும் களஞ்சிய அறையில்தான் கிடந்திருக்கும்.

கனகரத்தினம் சபையின் காரியதரிசி. இருபத்திரண்டு வருடமாக மாதக் கூட்டங்களுக்கு அறிக்கை எழுதியவர். எந்தக் கூட்டமானாலும் அவருடைய அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. உறுப்பினர்கள் மேசையில் அடித்து மூன்று மணித்தியாலம் சண்டை பிடித்தாலும், 'இவ்விடயம் பற்றிக் கலந்துரையாடப்பட்டு, ஒத்திவைக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதிப் பேனையை மூடிவிடுவார். அடுத்த மாதம் அதை வாசிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. எல்லாரும் தலையாட்டுவார்கள்.

1964 ஆவணியில் டொக்டர் அவருடைய வயிற்றைக் கட்டாயம் வெட்டித் தைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டு மாத லீவு. அறிக்கை எழுதும் வேலை தட்டெழுத்தாளர் இராசமலரின் தலையில் விழுந்தது.

இராசமலர் பண்டத்தரிப்புப் பிள்ளை. இருபத்துநாலு வயது. சபையில் சேர்ந்து நாலு மாதம்தான். நியமனம் இன்னும் உறுதியாகவில்லை. தமிழ்ச் சுருக்கெழுத்தில் நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் எழுதி முதலாம் பிரிவில் தேறியவள். ஆனால் நாலு மாதமாக அவள் அடித்ததெல்லாம் நாய்களுக்கு அனுமதிப் பத்திரம் எடுக்கச் சொல்லும் நினைவூட்டல் கடிதங்கள்தான். கைவிரல்கள் துருப்பிடித்துப் போகுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

லீவில் போகிற அன்று, கனகரத்தினம் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது, அவள் பின்னால் ஓடிப்போய்க் கேட்டாள்.

"சேர், அறிக்கை எப்பிடி எழுதிறது?"

தெல்லிப்பழைக்குப் போகும் பஸ் அங்கே ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது.

"நடந்ததை எழுதும் பிள்ளை. வேறை என்ன?" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிப் போனார்.

இராசமலர் நடந்ததை எழுதினாள்.

அந்த மாதக் கூட்டத்தில் முக்கியமான விடயம் குழாய். ஊருக்கு ஒரேயொரு பொதுக் குழாய் அனுமதியாகிப் பதினாலு மாதம். அதை எங்கே நடுவது என்பதுதான் தீராத வழக்கு. சபைத் தலைவர் தியாகராசா தபாற் கந்தோர்ச் சந்தியில் நடவேண்டும் என்றார். சந்தியிலிருந்து முப்பது அடி தூரத்தில் அவருடைய வீட்டுக் கேற்; உள்ளே தென்னம்பிள்ளைகள். மூன்றாம் வட்டார உறுப்பினர் மார்க்கண்டு, இரண்டு வள்ளம் வைத்திருப்பவர், மீன் சந்தையில் நடவேண்டும் என்றார். சந்தைக் கிணறு உவர். மீன் விற்கும் பெண்கள் நல்ல தண்ணீருக்கு அரைக் கட்டை தூரம் நடந்தார்கள். பதினாலு மாதமும் இருவரும் ஒரே சண்டையைப் பிடித்தார்கள். பதினாலு மாதமும் கனகரத்தினம் ஒரே வரியை எழுதினார்.

இந்த முறை இராசமலர் பக்கத்து மேசையில் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். பென்சில்கள் நாலு தேய்ந்தன. ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. பிறகு பதினொரு நாள் இருந்து தட்டெழுத்தில் அடித்தாள். நாற்பத்தொரு பக்கம் வந்தது. அடித்து முடித்த அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் போல மடியில் அந்தத் தாள்களை வைத்துத் தடவிக்கொண்டே போனாள்.

அடுத்த கூட்டம் புரட்டாதியில். பொதுமக்களுக்குப் போட்டிருந்த நீள வாங்கில் வழக்கமாக ஒருவரும் இருப்பதில்லை. அன்று மீன் சந்தையிலிருந்து பூரணமும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து குந்தியிருந்தார்கள். குழாய் விடயம் திரும்பவும் எடுபடுகிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்.

"போன கூட்ட அறிக்கையை வாசியும் பிள்ளை," என்றார் தலைவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

இராசமலர் எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினாள்.

"தலைவர்: கூட்டம் தொடங்குது. எங்கை கந்தப்பு அண்ணை? மூன்றாம் வட்டாரம்: வெளியிலை வெத்திலை துப்பிறார். தலைவர்: சுவரிலை துப்ப வேண்டாமெண்டு சொல்லும். போன கிழமைதான் வெள்ளை அடிச்சது. திரு. கந்தப்பு உள்ளே வந்தார். திரு. கந்தப்பு: நான் சுவரிலை துப்பேல்லை."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவர் துடைப்பதை நிறுத்தினார்.

"பிள்ளை, உதென்ன?"

"அறிக்கை, சேர்."

"உப்பிடி எத்தினை பக்கம்?"

"நாற்பத்தொண்டு, சேர்."

தலைவர் வாயைத் திறப்பதற்குள் முதலாம் வட்டார உறுப்பினர் நாகலிங்கம் எழுந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சபை விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே திரிபவர்.

"ஒரு ஒழுங்குப் பிரச்சினை. வாசிக்கத் தொடங்கின அறிக்கையை முழுக்க வாசிக்க வேணும். நடுவிலை நிப்பாட்ட விதியில்லை. பிள்ளை, என்ரை பேச்சும் அதிலை இருக்கோ?"

"ஓம் சேர். பதினெட்டாம் பக்கத்திலை தொடங்கி இருபத்தாறு வரைக்கும்."

நாகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. பத்து வருடமாக அந்தச் சபையில் அவர் பேசிய எந்தப் பேச்சிலும் ஒரு சொல்கூட எழுத்தில் ஏறியதில்லை. "வாசியும், வாசியும்," என்று சொல்லி உட்கார்ந்தார்.

இராசமலர் வாசித்தாள். ஏழாம் பக்கத்தில், "நாலு பத்துக்கு ஐந்தாம் வட்டார உறுப்பினர் திரு. கந்தப்பு நித்திரையானார். நாலு இருபதுக்குக் குறட்டை கேட்டது," என்று வந்தது.

கந்தப்பு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். எழுபது வயதானாலும் அவருடைய குரல் குறையவில்லை.

"ஆர் நித்திரை கொண்டது? நான் கண்ணை மூடி யோசிச்சனான்!"

"அப்ப குறட்டை, அண்ணை?" என்று மார்க்கண்டு கேட்டார்.

"எனக்குத் தடிமன், மூக்கடைப்பு!"

"உதை வெட்டும் பிள்ளை," என்றார் தலைவர்.

விதிப் புத்தகம் திறந்தது. "நடக்காததை எழுதியிருந்தால் வெட்டலாம். நடந்ததை வெட்டேலாது," என்றார் நாகலிங்கம். "குறட்டை நடந்ததோ இல்லையோ எண்டதுதான் இப்ப கேள்வி. வாக்கெடுப்புக்கு விடுங்கோ."

வாக்கெடுப்பு நடந்தது. குறட்டை நடந்தது என்று நாலு பேர் கை தூக்கினார்கள். தலைவர் நடுநிலை வகித்தார். கந்தப்பு தனியாக எதிர்த்தார். பொதுமக்கள் வாங்கில் பூரணம் சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

ஏதோ பெரிய பிழை செய்துவிட்டோம் என்பது இராசமலருக்கு இப்போதுதான் உறைத்தது. உறுதியாகாத நியமனம் கண்முன்னே வந்து நின்றது. ஆனாலும் என்ன செய்வது, இன்னும் முப்பத்துநாலு பக்கம் இருந்தது. வாசித்தாள்.

நாகலிங்கத்தின் பேச்சு வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் தாளம் போடுவதுபோலக் கதிரைக் கையில் தட்டிக்கொண்டு கேட்டார். சோழர் காலத்து ஏரிகளில் தொடங்கி யாழ்ப்பாணத்துக் கிணறுகள் வரைக்கும் வந்து, குழாயை எங்கே நடுவது என்று சொல்லாமலே முடிந்த பேச்சு அது. முடிந்ததும், "நல்லாத்தான் கதைச்சிருக்கிறன்," என்று மெல்லச் சொன்னார்.

ஆறு மணியாகிவிட்டது. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். அப்போது முப்பத்தொன்பதாம் பக்கம் வந்தது.

"மூன்றாம் வட்டாரம்: சந்தியிலை குழாய் நட்டால் உங்கடை தென்னம்பிள்ளையள்தான் குடிக்கும். தலைவர்: என்ரை தென்னையைப் பற்றிக் கதைக்க உமக்கு என்ன உரித்து? மூன்றாம் வட்டாரம்: பதினாலு மாதம் சந்தைப் பொம்பிளையள் உவர்த் தண்ணியிலை கை கழுவுகினம். தலைவர், உரத்த குரலில்: அப்ப கொண்டுபோய் உம்மடை மீன் சந்தையிலையே நட்டுக்கொள்ளும்! திரு. கந்தப்பு, விழித்து: நான் ஆமோதிக்கிறன். எதிர்ப்பு ஒன்றும் தெரிவிக்கப்படவில்லை. பிறகு தேநீரும் உளுந்து வடையும் வந்தன."

மார்க்கண்டு அதுவரை கதிரையில் சாய்ந்து கிடந்தவர். அந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிப் பக்கம் முடிந்தது. நாகலிங்கம் உடனே எழும்பி, "அறிக்கை சரியானதெண்டு ஏற்றுக்கொள்ளும்படி பிரேரிக்கிறன்," என்றார். ஒன்பது பக்கப் பேச்சை அவர் விடுவாரா?

"நான் ஆமோதிக்கிறன்," என்றார் மார்க்கண்டு.

களைத்துப்போயிருந்த தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். கந்தப்புவைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். தலைவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று மார்க்கண்டு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பினார்.

"தலைவர் அவர்களே, அப்ப குழாய் எப்ப நடுறது?"

"அதுதான் இனி எடுக்கப்போறமே."

"எடுக்க ஒண்டுமில்லை. போன கூட்டத்திலை நீங்கள் பிரேரிச்சியள். கந்தப்பு அண்ணை ஆமோதிச்சார். ஒருத்தரும் எதிர்க்கேல்லை. இப்ப அறிக்கையும் ஏற்றாச்சு, நீங்களும் கையெழுத்து வைச்சாச்சு. மீன் சந்தையிலை நடுறதெண்டு சபை தீர்மானிச்சிட்டுது."

எல்லாரும் நாகலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"தலைவரும் ஒரு உறுப்பினர். பிரேரிக்கத் தடையில்லை," என்றார் கடைசியில்.

"நான் எங்கை காணும் பிரேரிச்சனான்? அது கோவத்திலை சொன்னது!" தலைவர் மேசையில் அடித்தார்.

"கோவமெண்டு அறிக்கையிலை இல்லையே," என்றார் மார்க்கண்டு.

தலைவர் இராசமலர் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் கோவத்திலைதானே சொன்னனான்?"

"எனக்குத் தெரியாது, சேர். சத்தமாச் சொன்னியள். அதை மட்டும்தான் எழுதினனான்."

"கந்தப்பு அண்ணை! நீராவது சொல்லும். ஒத்திவைக்கிறதெண்டு நினைச்சுத்தானே ஆமோதிச்சனீர்? நித்திரையாலை எழும்பின கையோடை?"

கந்தப்பு தோளில் கிடந்த சால்வையை எடுத்து உதறிப் போட்டார். "நான் நித்திரை கொள்ளேல்லை. கண்ணை மூடி யோசிச்சனான். யோசிச்சுத்தான் ஆமோதிச்சனான்."

பொதுமக்கள் வாங்கிலிருந்து பூரணம் எழும்பினாள். "சேர்மன் ஐயா, பதினைஞ்சு மாதமா எங்கடை முழங்கால் தேயுது. வாயாலை சொல்லி, கையெழுத்தும் வைச்சாச்சு. இனி என்ன?"

"பொதுமக்கள் கதைக்கக் கூடாது!"

"சரி, கதைக்கேல்லை. பிள்ளை, நான் சொன்னதையும் எழுதிக்கொள்ளணை."

அப்போதுதான் தலைவர் கவனித்தார். இராசமலரின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. தான் மேசையில் அடித்தது, இப்போது வாயைத் திறந்தபடி நிற்பது, எல்லாம் அந்தக் கொப்பியில் கொக்கியும் கோடுமாக ஏறிக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் இது வாசிக்கப்படும். வாங்கில் இந்த மூன்று பெண்களோடு இன்னும் முப்பது பேர் வந்து இருப்பார்கள்.

அவர் மெல்லக் கதிரையில் அமர்ந்தார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். சால்வையைச் சரிசெய்தார். பிறகு பேசியபோது அவருடைய குரல் தேர்தல் கூட்டத்துக் குரலாக மாறியிருந்தது.

"இந்த ஊர்ச் சந்தையிலை உழைக்கிற தாய்மாரின்ரை கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. அதாலைதான் போன மாதமே, ஒருத்தரும் கேக்க முதல், நானாகவே அந்தப் பிரேரணையைக் கொண்டுவந்தனான்." கொஞ்சம் நிறுத்தினார். "எழுதிறீரோ பிள்ளை?"

"ஓம் சேர்."

"'நானாகவே' எண்டதை விட்டிடாதையும்."

மார்க்கண்டு கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இராசமலர் கதவடியில் நின்றாள். வீட்டில் அப்பாவுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, அந்த முப்பத்தொன்பதாம் பக்கத்தை இன்னொருக்கால் வாசியும்."

வாசித்தாள்.

"நான் உண்மையிலை அவ்வளவு சத்தமோ?"

அவள் 'உரத்த குரலில்' என்று அடித்திருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"வீட்டிலையும் உதைத்தான் சொல்லுகினம்," என்றார் அவர். யன்னல் பக்கம் திரும்பி, தன் தென்னைகள் இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, போம். பஸ் போயிடும்."

இரண்டு கிழமையில் குழாய் நட்டார்கள். தியாகராசா மாலை போட்டுக்கொண்டு வந்து திறந்துவைத்தார். தண்ணீர் முதலில் இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. பூரணம் மீன் பறியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்து, ஒரு பாரை மீனை மினுங்க மினுங்கக் கழுவி, தலைவருக்கே கொடுத்துவிட்டாள். அவர் மாலையும் மீனுமாக வீட்டுக்குப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இராசமலர் பஸ் எடுத்துத் தெல்லிப்பழைக்குப் போனாள். கனகரத்தினம் ஒப்பரேஷன் முடிந்து வீட்டில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். நாற்பத்தொரு பக்கத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக எதிரே இருந்தாள்.

ஏழாம் பக்கத்தில் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. முப்பத்தொன்பதாம் பக்கத்தில் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தையல்... தையல் பிரியப் போகுது," என்று கத்தினார். அவர் மனைவி குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் இராசமலரை முறைத்துப் பார்த்தாள்.

மூச்சு வந்ததும் அவர் கண்ணைத் துடைத்தார். "இருபத்திரண்டு வருஷமா உவ்வளவையும் நான் கேட்டனான் பிள்ளை. ஒண்டையும் எழுதேல்லை." தாள்களை ஒழுங்காக அடுக்கி மடியில் வைத்தார். பிறகு, "வாற கூட்டத்திலை என்ன விசயம்?"

"ஊர் சுத்திற கட்டாக்காலி மாடு பிடிக்கிறது, சேர். முதல் பிடிபட்டது நாகலிங்கம் சேரின்ரை மாடு."

கனகரத்தினம் மனைவியைப் பார்த்தார்.

"என்ரை லீவுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாணை," என்றார். "வயித்துக்கை இன்னும் பிடிச்சுப் பிடிச்சு நோகுது. இன்னுமொரு மாதம் கேட்டு எழுதுவம்."