ரத்தினசாமியின் பதில்

ஆம்பூர் ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஹெலன் தொலைதூரக் கல்வியில் பேச்சுச் சிகிச்சை முதுகலை படித்தாள். செய்முறைப் பயிற்சிக்காக ஞாயிறுதோறும் ஜோலார்பேட்டைக்குப் போவாள். பக்கவாதத்தில் பேச்சிழந்த ரயில்வே ஊழியர் ரத்தினசாமிக்குப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பாள். பேராசிரியை செல்போன் வீடியோ அழைப்பில் கவனிப்பார்.

எல்லாப் படத்துக்கும் அவர் மனைவி சவுரியம்மாளே பதில் சொன்னாள்.

"டம்ளர். அடுத்து இன்னாம்மா?"

"அவர் சொல்லணும் ஆன்ட்டி."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தானே சொல்றேன்?"

பேராசிரியை அவளை வெளியே உட்காரச் சொன்னார். சவுரியம்மாள் வெளியே போய், ஜன்னல் வழியாகப் பதில் சொன்னாள்.

மூன்றாம் மாதம் ஹெலன் சாவிப் படத்தைக் காட்டினாள். ஜன்னலில் சவுரியம்மாள் வாயைத் திறந்தாள். ரத்தினசாமி கையை உயர்த்தினார்.

"நான்... சொல்றேன்."

அவர் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. சவுரியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். முதல் எழுத்தையாவது எடுத்துக்கொடுக்க ஹெலனுக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள். ரத்தினசாமிக்கு நெற்றி வியர்த்தது.

"பூட்டு," என்றார்.

ஹெலன் படத்தைப் பார்த்தாள்.

"ஆமா, பூட்டுதான்," என்றாள் சவுரியம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.