செவில் வெயிலில் ஒரு மெழுகுதிரி

இந்தக் காலத்துச் சனம் கோயிலுக்குப் போவது கும்பிடவா, படம் பிடிக்கவா என்று அம்புறோஸுக்கு விளங்கவில்லை. அவரோடு ஸ்பெயினுக்குச் சுற்றுலா போய் வந்த பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அங்கே முழங்காலில் நின்றதை அவர் காணவில்லை. இப்போது ஞாயிறு பூசை முடிந்த கையோடு, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் கோயில் மண்டபத்துச் சுவரில், கூடப் போய்வந்த நிரஞ்சனி நானூறு படங்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இதிலை நீங்கள்!"

சுவரில் அம்புறோஸ் நின்றார். செவில் நகரத்துப் பேராலயக் கோபுரத்தின் உச்சியில், இடுப்பில் கையூன்றி, பல் தெரியச் சிரித்தபடி. அந்தக் கோபுரத்துக்குப் படிகள் இல்லை. குதிரையில் ஏறிப்போகும்படி சரிவாகவே கட்டியிருந்தார்கள். எழுபத்திரண்டு வயதில் எங்கும் நில்லாமல் ஏறினார். மண்டபத்தில் கை தட்டினார்கள். அவர் சுவரிலிருந்து பார்வையை எடுத்துத் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

அந்தப் படம் எடுத்த நேரத்தில்தான், அதே கோயிலுக்கு வரும் பிலோமினம்மாவின் மெழுகுதிரி நாசமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

மடு மாதா கோயிலில் மந்திரித்து, மன்னாரிலிருந்து கொண்டுவந்து, பதினாறு வருஷம் அலுமாரிக்குள் வைத்திருந்த திரி. அவளுடைய மகன் வின்சன்ட் அவளிடம் வந்துசேர, கொழும்பில் விசாவுக்குக் காத்துக் கிடந்தான். இலங்கையில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த வருஷம். முழங்கால் நோவால் அவளால் பயணம் போக முடியவில்லை.

"அண்ணை, உங்களைத்தான் நம்பியிருக்கிறன். அந்தப் பெரிய கோயிலிலை என்ர கையாலை மூட்டினமாதிரி மூட்டிவிடுங்கோ" என்று கொடுத்தாள்.

அம்புறோஸ் யாரையும் நம்பாதவர். ஹோட்டலில் வைத்தால் அறை துப்புரவாக்க வருபவள் எடுப்பாள். கையில் கொண்டு திரிந்தால் சன நெரிசலில் களவு போகும். ஆகவே திரியைப் பைக்குள் வைத்து, பையைச் சுற்றுலாப் பஸ்ஸில் தன் இருக்கைக்குக் கீழே கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் வந்து எடுக்கலாம் என்ற நினைப்பு.

பிறகு பார்த்ததெல்லாம் அவரை விழுங்கிவிட்டது. நாலு ராசாச் சிலைகள் தோளில் சுமக்கும் கொலம்பஸின் சவப்பெட்டி, கோபுரம், அரண்மனையில் கோலம் போட்டதுபோல் பளிங்காய் மின்னும் வண்ண ஓடு பதித்த சுவர்கள், தோட்டத்துத் தடாகங்கள். மனைவி செத்தபிறகு இப்படிச் சந்தோசமாக அவர் ஒருநாளும் திரிந்ததில்லை. யூலை மாதம், தெருத் தாரை இளக்கும் வெயில். ஐந்து மணித்தியாலம் பூட்டிக் கிடந்த பஸ்ஸில் பையைத் திறந்தபோது, உள்ளே மடித்துவைத்த அவருடைய சேட்டில் மெழுகு ஊறிப் போயிருந்தது. திரிநூல் மட்டும் தனியே கிடந்தது.

மொன்றியலுக்குத் திரும்பி, "மூட்டினன்" என்று சொன்னார். இரண்டு கிழமையில் வின்சன்ட்டுக்கு விசா வந்தது.

"பிள்ளை நிரஞ்சனி, அண்ணை திரி மூட்டின படம் இல்லையோ?" மண்டபத்தின் முன்வரிசையிலிருந்து பிலோமினம்மா இப்போது கேட்டாள். "வாற ஞாயிறு நன்றிப் பூசை. அண்ணையின்ர பேரையும் ஃபாதர் வாசிப்பார்."

பீடத்தில் பேர் வாசிப்பதென்றதும் அவருக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய், அவளருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"தங்கச்சி, என்ர பேரைக் குடுக்காதையும். நான் மூட்டேல்லை."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லை. பஸ்ஸுக்குள்ளை விட்டிட்டு ஊர் பாத்துத் திரிஞ்சனான். வெக்கைக்கு உருகிப் போச்சு. உமக்குப் பொய் சொன்னனான்."

அவள் கதிரையில் அவர் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். நல்லாய்த் திட்டினால் நெஞ்சு லேசாகும் போலிருந்தது.

"முழுக்கவோ உருகினது?"

"ஓம். நூல்தான் மிச்சம்."

"அப்ப என்ன அண்ணை! நெருப்பு வைச்சாலும் உருகத்தானே போகுது. மாதா வெயிலாலை மூட்டியிருக்கிறா. உங்கட கை வருமட்டும் அவ பாத்துக்கொண்டிருக்கேல்லை." அவள் சிரித்தே விட்டாள். "நீங்கள் கோபுரத்திலை நிண்டு பல்லைக் காட்டுங்கோ எண்டு விட்டிட்டா!"

"விசர்க் கதை கதையாதையும். விசா குடுத்தது கந்தோர்க்காரன். நான் செய்தது பிழை, அதைச் சொல்லும்."

"பிழைதான். இப்ப தேத்தண்ணி குடியுங்கோ, ஆறப்போகுது" என்று ஒரு கோப்பையை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் குடிக்கவில்லை. இவ்வளவு லேசாக ஒரு குற்றத்தைக் கழுவிவிடுகிறவளை எப்படி நம்புவது? நாளைக்கு மகனுக்கு ஒன்று நடந்தால் அப்போதும் சிரிப்பாளா? தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணை, ஞாயிறு பூசைக்கு வந்திடுங்கோ!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"மாதா மூட்டினாவாம்" என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பாராமல் மெற்றோ ரயில் நிலையப் பக்கம் நடந்தார்.